காற்றுக்கும் வாடகை

"சோபாவுக்குக் கீழ இருக்கற காத்துக்கும் சேர்த்தா காசு?" என்று எழுத்தர் கேட்டார்.

கப்பல் கம்பெனியிலிருந்து அளவெடுக்க வந்திருந்த பெண் குனிந்த வாக்கிலேயே பதில் சொன்னாள்.

"ஆமா சார். சோபாவை மட்டும் தனியா அனுப்ப முடியாதே. அது அடைக்கற இடத்தையும் சேர்த்துத்தான் அனுப்பணும்."

அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். எழுத்தர் பின்னாலேயே போனார். கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை, நான்கு நாற்காலி, துணி துவைக்கும் இயந்திரம் என்று அவள் ஒவ்வொன்றையும் தொடத் தொட, அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். கடைசியில் அவள் கூட்டிப் பார்த்தாள்.

"பதிமூணு கன மீட்டர் வருது சார்."

ஒரு கன மீட்டருக்கான கட்டணம் ஏறக்குறைய அவருடைய ஒரு மாதச் சம்பளம். அதாவது பதிமூன்று மாதம் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பஸ் ஏறாமல் வேலை பார்த்தால் அவருடைய வீடு கடலைத் தாண்டும்.

கடைக்காரர்களின் தராசுகளையும் எடைக் கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் அவர் எழுத்தர். கடைக்காரர்கள் அவரைப் பார்த்துப் பயப்படுவார்கள். அவர் கடைக்காரர்களைப் பார்த்துப் பயப்படுவார். நகரும் படிக்கட்டு, பதிவுத் தபால், நாய், மேலதிகாரி முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாவற்றுக்கும் அவருக்குப் பயம்.

மனைவி நேர் எதிர். பயமா, அது கிலோ என்ன விலை என்று கேட்கிறவள். நர்ஸ். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும் மூன்று மாதம் முன்னால் தனியாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். போகும்போது அவரிடம் சொன்னது ஒன்றுதான்.

"சாமானை மட்டும் பத்திரமா அனுப்பிட்டு, பின்னாலயே வந்துடுங்க. மீதி எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் அவரை நம்பி முழுசாக ஒப்படைத்த முதல் காரியம் அது. அவளிடம் போய்ப் பதிமூன்று என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. முன்பணத்தைக் கட்டிவிட்டு, சொல்லாமலே குறைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

எதிர்வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் குடியிருந்தார். அவருடைய மச்சான் ஒருவர் வெளிநாடு போனவர். யோசனை கேட்கலாமென்று எழுத்தர் போனார். போகாமலே இருந்திருக்கலாம்.

"மரச் சாமான் இருக்கா?" என்றார் மாஸ்டர்.

"இருக்கு. கட்டில், மேஜை, பீரோ."

"பூச்சி இருக்கா?"

"தெரியலையே."

"தெரியலைன்னா இருக்குன்னு அர்த்தம். அங்க துறைமுகத்துல ஒரு பூச்சி கண்ணுல பட்டாப் போதும். மொத்தப் பெட்டியையும் ஓரம் கட்டிடுவான். நாளுக்கு இவ்வளவுன்னு வாடகை ஓடும். எங்க மச்சான் சாமான் நாப்பது நாள் கிடந்துச்சு. கடைசியில சாமானே வேணாம்னு எழுதிக் குடுத்தார். அதுக்கும் ஒரு கட்டணம் வாங்கினான்."

எழுத்தர் வீட்டுக்கு வந்து, அலுவலகத்தில் எடைக் கற்களின் முத்திரையைப் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியால் கட்டிலை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். தலைமாட்டில் ஒரு ஓட்டை தெரிந்தது. ஆணி அடித்த ஓட்டையாக இருக்கலாம். பூச்சி பிறந்து வளர்ந்து குடும்பமாக இருக்கிற ஓட்டையாகவும் இருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மறுநாள் காலையிலேயே பழைய சாமான் கடைக்காரர் வண்டியோடு வந்தார். கட்டில், மேஜை, நாற்காலிகள், பீரோ எல்லாம் இறங்கிப் போயின. அவர் கொடுத்த பணத்தை எழுத்தர் எண்ணவில்லை. எண்ணுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வண்டியை அனுப்பிவிட்டு எழுத்தர் வாசலில் நின்றபோது, கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

பீரோவை இறக்கும்போது மாடிப்படிச் சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் காரை பெயர்ந்திருந்தது. அட்வான்ஸில் பிடிக்கப் போகிறார் என்று எழுத்தருக்கு உடனே புரிந்துவிட்டது.

"ஆபீஸ்ல அவசரமா வரச் சொன்னாங்கம்மா. அப்புறம் வந்து பார்க்கறேன்" என்று அப்படியே நடந்தார். அன்று அவர் விடுப்பில் இருந்தார். இரண்டு மணி நேரம் பூங்காவில் உட்கார்ந்துவிட்டுப் பின்பக்கமாக வீடு திரும்பினார்.

மூன்று நாள் தரையில் படுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் சாய்ந்தபடியே கம்பெனிப் பெண்ணைத் திரும்ப வரவழைத்தார். அவள் காலி அறைகளை அளந்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"ஆறுதான் இருக்கு சார்."

"அப்ப ஆறுக்குத்தானே பணம்?"

"இல்ல சார். எங்க கம்பெனியில குறைஞ்சது பத்து. ஆறு அனுப்பினாலும் பத்துக்குக் கட்டணும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"அன்னிக்குப் பதிமூணு இருந்துச்சே சார்."

நாலு கன மீட்டர் வெறும் காற்றை நாலு மாதச் சம்பளம் கொடுத்துக் கப்பலில் அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. சாய்ந்தபடியே பழைய சாமான் கடைக்கு ஓடினார். கட்டில் வாசலிலேயே நின்றது. அவர் விற்ற விலையைப் போல மூன்று மடங்கு எழுதி ஒட்டியிருந்தது.

"இது என் கட்டிலுங்க" என்றார் எழுத்தர்.

"இல்லைன்னு சொன்னேனா? விக்கறப்ப அது உங்க பழைய கட்டில். இப்ப அது என் கடைச் சரக்கு."

"நாலு நாள்ல மூணு மடங்கா?"

"துடைச்சு வெச்சிருக்கோம்ல."

மேஜைக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். பீரோ விற்றுப்போயிருந்தது. அதற்குப் பதிலாக யாருடையதோ ஒரு பீரோவை, அவருடையதைவிட அகலமானதை, கடைக்காரர் இவர் தலையில் கட்டினார். சேமிப்புக் கணக்கிலிருந்து எழுத்தர் இரண்டாவது தடவையாகப் பணம் எடுத்தார். வங்கியில் பணம் கொடுத்த பெண் அவரை அனுதாபத்தோடு பார்த்தாள். இடுப்புக்கா, பணத்துக்கா என்று தெரியவில்லை.

மரம் திரும்ப வந்ததும் பூச்சியும் திரும்ப வந்தது, மனசுக்குள். மருந்துப் புகை போட்டுச் சான்றிதழ் கொடுக்கிறவரை அழைத்தார். முகமூடி மாட்டியபடியே அவர் பேசினார்.

"ரெண்டு நாள் வீட்டைப் பூட்டி வெக்கணும். நீங்க உள்ள இருக்கக் கூடாது."

"இருந்தா?"

"சான்றிதழ்ல உங்களையும் சேர்க்க வேண்டி வரும்."

இரண்டு நாளும் எழுத்தர் விடுதியில் தங்கினார். பையோடு மாடியிறங்கும்போது வீட்டுக்கார அம்மா படியிலேயே நின்று மறித்தார்.

"வீட்டைப் பூட்டிட்டு எங்க கிளம்பிட்டீங்க? உங்ககிட்டப் பேசணும்னு எத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்."

"வந்து பேசறேன்மா. எல்லாத்தையும் மொத்தமா பேசி முடிச்சுக்கலாம்."

"அவ்வளவு பெரிய விஷயம் இல்லைங்க, பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால் எழுத்தருக்கு வரும் பயம் தனி ரகம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் போனார். காரை பெயர்ந்ததோடு, மருந்து வாடையும் சேர்ந்துவிட்டது. அட்வான்ஸில் பாதி போச்சு.

விடுதியிலிருந்து திரும்பியதும் தானே நாடா பிடித்து அளந்தார். அளப்பது அவர் தொழில். பத்தரை வந்தது. அகல பீரோ செய்த வேலை. பத்துக்கு மேல் ஒரு கையளவு போனாலும் பதினொன்றுக்குக் கட்ட வேண்டும் என்று கம்பெனி கொடுத்த தாளில் அச்சிட்டிருந்தது. எழுத்தர் பாத்திரங்களைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் அடுக்கினார். தலையணைகளைக் குக்கருக்குள் திணிக்கப் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை என்று ஆனதும் எதிர்வீட்டில் ரம்பம் வாங்கிவந்து கட்டிலின் நான்கு கால்களையும் அறுத்துத் தள்ளினார்.

மூன்றாவது தடவையாக வந்த கம்பெனிப் பெண் அறுத்த கால்களைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏன் சார் அறுத்தீங்க? இது திருகு வெச்ச கால்தானே. கழட்டினா வந்திருக்குமே."

எழுத்தர் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவள் அளந்து முடித்தாள்.

"கரெக்டா பத்து சார்." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "இன்னொரு விஷயம். சனிக்கிழமை போறதா இருந்த கப்பல் அன்னிக்குப் போகலை. வெள்ளிக்கிழமையே கிளம்புது. நாளைக்குக் காலையில லாரி வந்துடும்."

"நாளைக்கேவா?"

"இதை விட்டா அடுத்தது ஒன்றரை மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் எங்க கிடங்குல வெக்கலாம். நாள் வாடகை வரும்."

நாள் வாடகை என்ற சொல்லைக் கேட்டதும் மாஸ்டரின் மச்சான் கண்முன் வந்து நின்றார். எழுத்தர் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை மனைவி போனில் பேசினாள். வழக்கமாக அவள் குரல் வார்டையே எழுப்புகிற குரல். கொஞ்ச நாளாகவே அது தேய்ந்திருந்தது. இரட்டை ஷிப்ட் என்று அவர் நினைத்திருந்தார்.

"வீட்டுக்கார அம்மா உங்ககிட்டப் பேசினாங்களா?" என்று எடுத்ததுமே கேட்டாள்.

எழுத்தர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். சுவர் விஷயம் கடல் தாண்டிப் போய்விட்டது. பேசவில்லை என்றால் ஏன் பேசவில்லை என்று கேட்பாள். பயந்து ஓடிக்கொண்டிருக்கிறேன் என்றா சொல்ல முடியும்?

"பேசியாச்சு. எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்றார்.

அவள் குரல் இன்னும் தணிந்தது.

"உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"இதுல என்ன இருக்கு? போனாப் போகுது. நாம என்ன அதை நம்பியா இருக்கோம்?"

"கோபமும் இல்லையே?"

"உன் மேல எதுக்கும்மா கோபப்படணும்? எல்லார் வீட்லயும் நடக்கறதுதானே."

"நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எவ்வளவு பயந்திட்டிருந்தேன் தெரியுமா."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு எழுத்தருக்குச் சிரிப்பு வந்தது. பாதி அட்வான்ஸுக்காக இவள் பயப்படுவதா? பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவர் அவளுக்குத் தைரியம் சொன்னார்.

"நான் இருக்கேன்ல. நீ நிம்மதியாத் தூங்கு."

லாரி தேதியை அவர் சொல்லவில்லை. சொன்னால் எத்தனை கன மீட்டர், எவ்வளவு ஆச்சு என்று பேச்சு வளரும். எல்லாம் அங்கே போய் இறங்கட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் காலை லாரி வந்தது. ஆட்கள் ஏற்றும்போது எழுத்தர் ஒவ்வொரு பெட்டிக்கும் குறுக்கே போய் நின்று, அவர்கள் காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டார். நீல மேஜை போயிற்று. காலில்லாத கட்டில் போயிற்று. யாருடையதோ பீரோ போயிற்று. மீதிக் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். சேமிப்புக் கணக்கில் கணக்கு மட்டும் மிஞ்சியது. லாரியின் பின்கதவை மூடி, பூட்டில் ஈயத்தால் முத்திரை வைத்தார்கள். அதைப் பார்த்ததும்தான் அவருக்கு மூச்சு சீராக வந்தது. முத்திரை குத்திவிட்டால் பிறகு யாராலும் மாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்.

லாரி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

காலி வீட்டில் ஒரு தடவை சுற்றி வந்தார். காலடிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அவரையே பயமுறுத்தியது. ஆனாலும் ஏதோ ஒன்று மாறியிருந்தது. தனியாக நின்று, பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்காமல், ஒரு வீட்டையே கப்பலேற்றிவிட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இடுப்புகூட ஓரளவு நிமிர்ந்தது. கீழே இறங்கிப் போய் வீட்டுக்கார அம்மாவின் கதவை அவராகவே தட்டினார்.

"இந்தாங்கம்மா சாவி. அட்வான்ஸ்ல எவ்வளவு பிடிக்கணுமோ பிடிச்சுக்கங்க. சுவர்ல காரை பெயர்ந்தது என் தப்புதான்."

வீட்டுக்கார அம்மா சாவியைப் பார்த்தார். வாசலில் லாரி நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"காரையை யாருங்க கேட்டா?"

"அப்புறம் எதுக்கும்மா ஒரு வாரமா என்னைத் துரத்தினீங்க?"

"உங்க வீட்டம்மா போன்ல அழுதாங்க, அங்க தனியா இருக்கப் பயமா இருக்காம், வேலையை எழுதிக் குடுத்துட்டாங்களாம், நாளைக்கு இங்க வந்து இறங்கறாங்க, உங்ககிட்டச் சொல்லப் பயமா இருக்காம், வீட்டை வேற யாருக்கும் விட்டுடாம நீங்களே அவர்கிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்கன்னாங்க."