பொய் சொல்லாத கால்குலேட்டர்

இந்தப் பூமியில் பிழையே செய்யாதவை இரண்டுதான். ஒன்று, எங்கள் சாலை விரிவாக்க அலுவலகத்தின் மேலதிகாரி. மற்றொன்று, அவருடைய கால்குலேட்டர்.

இரண்டுமே பழைய மாடல். கால்குலேட்டர் செங்கல் கனம் இருக்கும். விடையைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டும். வெயிலில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதற்கு ஒருவர் குடை பிடிக்க வேண்டும். அந்தப் பெரும்பேறு எனக்கு வாய்த்திருந்தது. எங்கள் எல்லார் பையிலும் செல்போன் இருந்தது உண்மைதான். ஆனால் செல்போன் சொல்வது வெறும் விடை. இது சொல்வது ‘தீர்ப்பு’.

விதி எளியது. புதுச் சாலையின் ஓரத்திலிருந்து மூன்று அடியாவது தள்ளியிருந்தால் கட்டடம் பிழைக்கும். இல்லாவிட்டால் இடிப்பு.

முதலில் தையல்காரம்மாவின் ஒற்றை அறை வீடு. சாலை நடுவிலிருந்து டேப் பிடித்த அளவையர், “இருபத்திரண்டு அடி சார்” என்றார். அதில் பதினைந்து சாலைக்குப் போய்விடும். மேலதிகாரி கண்ணை மூடித் திறந்து, பொத்தான்களை அழுத்தினார்.

“ஒண்ணு! இடிங்க.”

“ஏழு சார்” என்றார் அளவையர்.

“மனக்கணக்கா? மனசை நம்பியாய்யா ரோடு போடறது?”

“அந்த டப்பாவுல மேல்கோடு எரியறதில்ல சார். ஏழு வந்தா ஒண்ணு மாதிரி தெரியுது.”

‘டப்பா’ என்ற சொல்லைக் கேட்டு எங்கள் உடம்பெல்லாம் பதறியது.

“நான் காலேஜ் படிச்சப்போ வாங்கினதுய்யா இது. பொய்யே சொல்லாது!”

“நீங்களே நடந்து பாருங்க சார்” என்றாள் தையல்காரம்மா. “ஏழடி கண்ணெதிர்ல கெடக்கு. வீட்டை இடிச்சுட்டா இந்த மெஷினைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?”

“உணர்ச்சிவசப்படாதேம்மா. இது விஞ்ஞானம்.”

விஞ்ஞானம் அரை மணி நேரத்தில் சுவர்களைத் தரைமட்டமாக்கியது. நான் குடையை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து, பக்கத்திலிருந்த மூன்று மாடிக் கடை. மேலதிகாரியின் மச்சினனுடையது.

“பதினாறு அடி சார்” என்றார் அளவையர். பொத்தான்கள் அழுத்தப்பட்டன. எட்டிப் பார்த்த அளவையரின் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. “ஒண்ணு சார்!”

“அத்தான்!” என்று மச்சினன் ஓடிவந்தான்.

மேலதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கருவியை மறுபடி பார்த்தார்.

“அளவையர்னு பேரு, இதுகூடத் தெரியாதாய்யா உனக்கு? மேல்கோடு எரியறதில்ல. இது ஏழு. கடையை விட்டுடுங்க.”

தெருவில் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் விருட்டென்று எழுந்தாள்.

“எனக்கும் அதே ஒண்ணுதானே சார் வந்துச்சு?”

“ஏம்மா, உன் ஒண்ணும் அவர் ஒண்ணும் ஒண்ணா?”

இதற்கு அவர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.