கட்டாயம் இல்லாத சான்றிதழ்

வரைபடம் எழுதியவன் மையைக் கொட்டிவிட்ட மூலையில் செங்கழனி நாடு என்று ஒன்று இருந்தது. அங்கே வழக்குகள் ஏராளம், ஆகவே வக்கீல்களும் ஏராளம். வாதாட வக்கீலுக்குத் தெரியும். எந்த மனுவை எந்த நாளுக்குள் எந்த ஜன்னலில் நீட்டுவது என்பது குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்.

குமாஸ்தா நாகப்பன் அதில் கெட்டிக்காரர். அரைகுறை மனுவாக இருந்தாலும் கடைசி நாளில் நீட்டித் தேதி முத்திரை வாங்கிவிடுவார். குறையை அப்புறம் சரிசெய்துகொள்வார்.

ஒருநாள் சட்ட மந்திரி அறிவித்தார்: "இனி நீங்கள் குமாஸ்தாக்கள் அல்ல, சட்ட அலுவலக மேலாளர்கள். தேர்வு எழுதினால் சான்றிதழ். கட்டாயம் கிடையாது. முழுக்க உங்கள் விருப்பம்."

நாகப்பனுக்கு விருப்பமில்லை. சும்மா இருந்தார். அடுத்த மாதம், விருப்பமில்லாததற்குக் காரணத்தை மூன்று பிரதிகளில் எழுதித் தரச் சொன்னார்கள். தந்தார். அதற்கடுத்த மாதம், சான்றிதழ் உள்ளவர்களின் மனுக்களை வாங்கி முடித்த பிறகே மற்றவர்களுடையதை வாங்குவோம் என்றார்கள். அவருடைய வரிசை வெயிலுக்கு நகர்ந்தது.

அந்த வெயிலில் மூக்காயியும் வந்து நின்றாள். அவள் ஊர் ஏரியைத் தூர்த்து அரச யானைகள் உலாவ மைதானம் கட்டப்போகிறார்கள். அவள் ஊரின் ஆட்சேப மனு நாகப்பன் கையில் இருந்தது; கொடுக்க அன்றே கடைசி நாள்.

"குமாஸ்தாய்யா, நம்ம மொற வந்துருமா?"

"மூணு நாளா நிக்கிறேன், வரல தாயி."

"அப்ப அந்தப் பரீட்சக் கருமத்த எழுதித் தொலைங்களேன்! எங்க ஏரியவிட ஒங்க ரோசம் பெருசா?"

நாகப்பன் பக்கத்து அறைக்குப் போனார். தேர்வில் ஒரே கேள்வி: 'அரசர் எடுக்கும் முடிவில் பிழை உண்டா?'

"இஷ்டப்படி எழுதலாம் மேலாளரே," என்றார் தேர்வதிகாரி. "இதுவரைக்கும் 'இல்லை'ன்னு எழுதுனவங்கதான் தேறியிருக்காங்க. தகவலுக்காகச் சொன்னேன்."

பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தார். பிறகு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜன்னல் சாத்துவதற்குள் மனுவில் முத்திரை விழுந்துவிட்டது. மூக்காயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

விசாரணையன்று அரசு வக்கீல் வாதாடவே இல்லை. ஒரு தாளை எடுத்து நீதிபதியிடம் நீட்டினார்.

"அரசர் முடிவில் பிழை இல்லை என்று மனுதாரர் தரப்பு மேலாளரே கையெழுத்திட்டிருக்கிறார், கனம் நீதிபதி அவர்களே. அதுவும் சொந்த விருப்பத்தின் பேரில்."

மனு தள்ளுபடியானது. வெளியே வந்த நாகப்பனுக்கு மூக்காயியின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"விடுங்க. எழுதச் சொன்னவ நாந்தான," என்றாள் அவள்.

அப்போது முரசு ஒலித்தது. சான்றிதழ்த் திட்டம் மகத்தான வெற்றி பெற்றுவிட்டதாம். இனிக் குடிமக்கள் எல்லோருக்கும் நற்குடிச் சான்றிதழ் உண்டாம். தேர்வு எளிதாம். கட்டாயம் கிடையாதாம்.

மூக்காயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அடுத்த மாசம் கெணத்துல தண்ணி எடுக்கப் போனா அதத்தான் கேப்பாக. நடங்க குமாஸ்தாய்யா, நெழலு இருக்கறப்பவே வரிசையில நிப்போம்."