வெட்டுக்கிளி வீரனுக்கு எதிராகக் கட்டிய காப்பு

சினிமாப் படங்களின் இரண்டாம் பாகங்களைத் திட்டுவதற்கென்றே பிறந்து வந்த ஒரு மனித வகையை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர், இரண்டாம் பாக எதிர்ப்பாளர். குருணிலும் இருப்பார், செமிலிங்கிலும் இருப்பார், எங்கள் பக்கத்து எந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலும் தே தாரிக் தேநீரை ஆறவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார். முதல் பாகத்தை ஆறு தடவை பார்த்திருப்பார். இரண்டாம் பாகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் அதன் குற்றங்களை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார்.

எங்கள் ஊரான பீடோங்கில் இந்த வகைக்கு ஆள் சுகுமாரன். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வெட்டுக்கிளி வீரன் படம் என்றால் உயிர். ஒரு மனிதன் பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு பதினாறு மாடிக் கட்டடத்தை ஒரே தாவலில் தாண்டியதை அவர் நம்பினார். நிலாவில் கால் ஊன்றி உந்தித் திரும்பி வந்ததையும் நம்பினார். இரண்டாம் பாகத்தில் அதே உடுப்பை ஒரு பெண் மாட்டிக்கொண்டு, தொழிலாளர் வீடுகளை இடிக்க வந்த இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். அதை மட்டும் அவரால் நம்ப முடியவில்லை.

"படம்னா சண்ட போடணும்லா. நியாயம் எதுக்குப் பேசணும்?" என்பதுதான் அவருடைய மந்திரம். படத்தில் அரசியல் கூடாது. நாலு வருடத்துக்கு முன்பு அவர் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, பதாகை பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் மூன்று நாள் வெயிலில் நின்றது யார் என்று கடைக்கார நாகூர் மீரான் கேட்டுப் பார்த்தார். அது அரசியல் இல்லையாம். வீட்டு விஷயமாம்.

இந்த வகை கைப்பேசியில் கரித்துக்கொட்டிவிட்டுப் போய்ப் படுத்தால் யாருக்கும் நட்டமில்லை. சுகுமாரன் ஒரு படி மேலே போனார். செவ்வாய்க்கிழமை முனீஸ்வரர் கோவிலுக்குப் போய், படம் திரையரங்கை விட்டுப் போகும்வரை பார்ப்பதில்லை என்று வேண்டிக்கொண்டு, பூசாரி பழனியாண்டி கையால் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டார். காவடிக்குக் கட்டுவார்கள், தீமிதிக்குக் கட்டுவார்கள். படம் பார்க்காமல் இருப்பதற்குக் கட்டிக்கொண்டவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவர் மகள் காஞ்சனாவுக்குப் பதின்மூன்று வயது முடிந்தது. முதல் பாகத்தை அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை. மறுநாள் காட்சிக்குச் சுங்கை பட்டாணித் திரையரங்கில் அம்மா லோகேஸ்வரி மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். சுகுமாரன் காப்பைக் காட்டினார்.

"தாவுறது ஆம்பளயா இருந்தாத்தான் வருவீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு, காஞ்சனா அறைக்குள் போய்விட்டாள்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூசாரியிடம் ஓடினார். எப்படியாவது அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். "கட்டச் சொன்னது நீதான தம்பி. சாமிகிட்ட நீ சொன்ன வார்த்தய நான் எப்படி அவுக்கிறது?" என்று பழனியாண்டி கையை விரித்துவிட்டார்.

சனிக்கிழமை சுகுமாரனும் கூடவே போனார். அரங்குக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சோளப்பொரி வாளியை அணைத்துக்கொண்டு பூசாரி பழனியாண்டி குடும்பத்தோடு அவரைத் தாண்டி உள்ளே போனார். அவர் எந்தக் காப்பும் கட்டிக்கொள்ளவில்லையே! இரண்டரை மணி நேரம் சுகுமாரன் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தார்; உள்ளே கைதட்டல் கேட்கும்போதெல்லாம் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்; காவலாளிக்கு முதல் பாகத்தின் கதையை இரண்டு தடவை சொன்னார்.

கதவு திறந்தது. காஞ்சனா அழுது சிவந்த கண்ணோடு வந்தாள்.

"வீட்ட இடிச்சிட்டாங்களா?" ஆமாம், சுகுமாரன்தான் கேட்டார்.

"உள்ள வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ப்பா" என்று சொல்லிவிட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். எனக்கே மனது கஷ்டமாகிவிட்டது.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சிரிக்கவைப்பதாக ஆரம்பித்த ஆள், நடுவில் தோட்டத்து வீடு, பெண்பிள்ளை என்று எதையோ நுழைத்துவிட்டானே என்று எங்கேயாவது உங்கள் முகம் சுளித்ததா? சுளித்திருந்தால் அந்தப் பெஞ்சில் இடம் இருக்கிறது. சுகுமாரனைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்கிறேன்.