மேஜரை ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட கதை

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு நாயைப் புதுக்கோட்டையில பஸ் ஏத்தி, கீரமங்கலத்துல எறக்கி, அதோட சொந்தக்காரங்க கையில குடுக்கணும்.

நாய்க்குச் சொந்தக்காரங்க எங்க பள்ளிக்கூடத்து எட்மிஸ்ட்ரஸ் அம்மா. கோடை லீவுக்குக் கீரமங்கலத்துத் தம்பி வீட்டுக்குப் போனவங்க, நாயை மட்டும் ரெண்டு நாள் எங்கிட்ட விட்டுட்டுப் போயிருந்தாங்க.

ஏன் எங்கிட்ட? "நாய்னா எனக்கு உசுருங்கம்மா"ன்னு ஒருதடவை சும்மா சொல்லிவச்சேன். நான் டெம்பரரி டீச்சர். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேல எழுதவேண்டிய காகிதம் அந்தம்மா மேசையில கெடந்துச்சு. அவங்க பாம்பு வளத்திருந்தா பாம்பும் எனக்கு உசுருதான்!

நாய் பேரு மேஜர். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தொரைசானி குடுத்துட்டுப் போனது. பக்னு ஒரு சாதியாம். மூக்கு இருக்கவேண்டிய எடத்துல ரெண்டு ஓட்டை மட்டும் இருக்கும். மொகமெல்லாம் மடிப்பு. சும்மா ஒக்காந்திருந்தாலே மாவு மெஷின் ஓடுற மாதிரி சத்தம்.

அதைப் பாத்துக்கிறது எப்படின்னு ஒரு முழுத் தாள் எழுதிக் குடுத்திருந்தாங்க. "வெயிலில் கொண்டுபோகாதே. கழுத்தில் எதுவும் கட்டாதே, மூச்சு முட்டும். மார்பு வாரைப் பிடித்து நடத்து. பிஸ்கட் கொடுக்காதே. முகத்து மடிப்புகளை மெல்லிய துணியால் தினமும் துடை, துடைத்தால் தூங்கிவிடுவான். நாக்கு நீலமானால் நிழலில் கிடத்தி உடம்பை நனை." கடைசி வரிக்கு அடியில ரெண்டு கோடு: "விடியற்காலைப் பஸ்ஸில் வா."

நான் பதினோரு மணி பஸ்ஸுல போனேன்.

என்ன செய்யறது! நிரந்தர டீச்சர் மாதிரி தெரியணும்னு சேலைக்குக் கஞ்சி போட்டேன். அது காய்ஞ்சு, இஸ்திரி போட்டு முடிக்கறதுக்குள்ள விடியற்காலைப் பஸ் கீரமங்கலமே போய்ச் சேந்திருக்கும்.

பஸ்ஸுல நாய்க்கு எடமில்லைன்னு கண்டக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. அதனால மேஜரைப் பழக்கூடையில ஒக்காரவச்சு, மேல ஈரத்துண்டைப் போட்டு, மடியில வச்சுக்கிட்டேன். புதுக்கோட்டை எல்லையக்கூட தாண்டலை, கூடையில கொறட்டை ஆரம்பிச்சிருச்சு. சாதாரணக் கொறட்டையா அது! முன்சீட்டுக்காரரு திரும்பிப் பாத்தாரு.

நான் படக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு வாயைக் கொஞ்சம் தொறந்துக்கிட்டேன். வேற வழி?

"பாவம், டீச்சருக்கு ரொம்ப அசதி போல"ன்னு ஒரு பொம்பள சொல்லுச்சு.

"பொம்பளப்புள்ள இப்புடிக் கொறட்ட விட்டா எவன் கட்டுவான்?"னு இன்னொரு குரல் கேட்டுச்சு.

ஆலங்குடி வரைக்கும் என் கல்யாணத்தைப் பத்தித்தான் பேசுனாங்க. நானும் கண்ணைத் தொறக்காம கேட்டுக்கிட்டே வந்தேன்.

ஆலங்குடி தாண்டி ஒரு ஊரு முக்குல பஸ்ஸு நின்னுருச்சு. முன்னாடி புகை. "ரேடியேட்டர் கொதிக்குது, எல்லாரும் எறங்குங்க"ன்னாரு கண்டக்டர். எறங்கி நின்னு துண்டை விலக்கிப் பாக்குறேன், மேஜரும் கொதிக்குது! நாக்கு வெளிய ஒரு முழம் தொங்குது. வாயில நுரை. நாக்கோட நுனி நாவப்பழம் தின்ன மாதிரி நீலமா இருக்கு.

கஞ்சிச் சேலைக்காக ஒரு உசுரைக் கொன்னுட்டேனேன்னு நெசமாவே அழுகை வந்துச்சு. ரெண்டு நாளா என் கட்டிலுக்கடியில படுத்துக் கொறட்டை விட்ட சீவன்.

எதிர்ல மாரியம்மன் கோயில். பெரிய வேப்பமரம், நிழலு, தண்ணிப் பந்தல். கூட்டமும் இருந்துச்சு. கூடையோட ஓடிப்போய் மேஜரை மரத்தடியில கெடத்துனேன்.

தண்ணிக்குடத்தோட நின்ன ஒரு பொம்பளதான் மொதல்ல பாத்துச்சு. நுரையைப் பாத்தா யாருக்குத்தான் அப்புடித் தோணாது!

"அய்யய்யோ, வெறிநாய்! வெறிநாய்!"

அங்கிட்டு நின்ன ஆம்பளைங்க இங்கிட்டு ஓடிவந்தாங்க. கையில கம்பு. ஒருத்தர் ஓங்கிட்டாரு. நான் மேஜர் மேல கவுந்து படுத்துக்கிட்டுக் கத்துனேன்:

"அடிக்காதீங்க! இது ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட நாயிங்க!"

கம்பு அப்புடியே நின்னுருச்சு.

எனக்கே என்னை மெச்சிக்கத் தோணுச்சு. நான் ஆவூர்க்காரி. ஞாயித்துக்கெழமை மாதா கோயில் பூசை தவறாத வேதக்காரக் குடும்பம். நேர்ந்துவிட்டதுன்னு சொன்னா யாரும் கைய வைக்கமாட்டாங்கன்னு மட்டும் எனக்குத் தெரியும். நேர்ந்துவிட்டதுக்கு அப்புறம் என்ன செய்வாங்கன்னு தெரியாது.

பூசாரி வந்தாரு. பெரிய மீசை, இடுப்புல மஞ்சத்துணி. கை கூப்பிக்கிட்டே, "நல்ல நாளாப் பாத்துக் கொண்டாந்திருக்க தாயி"ன்னாரு. "இன்னைக்குத்தான் காப்புக் கட்டு. ஏய், மஞ்சத்தண்ணி கொண்டாங்கடா!"

"எதுக்குங்க?"ன்னு கேட்டேன்.

"என்ன தாயி இப்புடிக் கேக்குற? ஆடு, கோழிக்கெல்லாம் செய்யிறதுதான. மூணு தடவ தண்ணி ஊத்துவோம். ஒடம்பச் சிலுப்புச்சுன்னா ஆத்தா ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். கழுத்துல காப்பக் கட்டிருவோம். அப்புறம் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது."

"எத்தனை நாளைக்குங்க?"

"ஆடுன்னா திருநா வரைக்கும். நாயி காலம்பூரா கோயில்லயே கெடக்கட்டும். ஆத்தா சொத்து. எலும்பும் சோறும் ஊரு போடும்."

எனக்கு நாக்கு நீலமாயிருச்சு!

தண்ணி பட்டா சிலுப்பாத நாய் ஒலகத்துல உண்டா? தண்ணி ஊத்தலைன்னா மேஜரு உசுரு போயிரும். ஊத்துனா மேஜரே போயிரும். எட்மிஸ்ட்ரஸ் அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? "ஒங்க நாய் நல்லாத்தான் இருக்கு, சாமியாயிருச்சு"ன்னா?

"கழுத்துல மட்டும் கட்டாதீங்கய்யா, மூச்சு முட்டும்"னேன். அந்த நேரத்துலயும் அந்தத் தாளு ஞாபகம்.

"அப்ப கால்ல கட்டுவோம்"னாரு பூசாரி. ரொம்ப நல்ல மனுசன், அதுதான் வம்பு.

மொதச் செம்பு. வேப்பிலை போட்ட மஞ்சத்தண்ணி, தலையில இருந்து வாலு வரைக்கும். மேஜரு அசையலை. அதுக்கு மூச்சு வாங்கவே நேரம் போதலை. நான் வயித்துப் பக்கமும் பாதத்துலயும் கையால அள்ளித் தேச்சுவிட்டேன். நாக்குல நீலம் கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நெஞ்சுல பாலை வாத்த மாதிரி ஆச்சு எனக்கு.

ரெண்டாஞ் செம்பு. மூச்சு சீராச்சு. நாக்கு செவப்பாச்சு. கண்ணைத் தொறந்து என்னைப் பாத்துச்சு. பொழைச்சிருச்சு! அப்புடியே காதை லேசா ஆட்டுச்சு.

"வருது! வருது!"ன்னு கூட்டம். கொலவை போட வாயெடுத்த பொம்பளயை ஒரு ஆளு கையமத்தி, "இரு, இன்னும் ஒண்ணு இருக்கு"ன்னாரு.

நான் மாதாவை வேண்டுனேன். அப்புறம் எடம் அவங்களோடதாச்சேன்னு மாரியாத்தாளையும் வேண்டுனேன். அப்பத்தான் தாள்ல இருந்த அந்த வரி மின்னலா வந்துச்சு: துடைத்தால் தூங்கிவிடுவான்.

"அய்யா, ஒரு நிமிசம்! ஆத்தா முன்னாடி மொகம் அழுக்கா இருக்கக்கூடாதுல்ல?"

"ஞாயந்தான். தொடச்சுவிடு தாயி"ன்னாரு பூசாரி.

முந்தானையை எடுத்தேன். கஞ்சி போட்டு மொடமொடன்னு இருந்தது வேர்வையில நல்லா மெத்துன்னு ஆயிருந்துச்சு. மூக்குக்கு மேல இருந்த மடிப்பை மெதுவாத் தொடச்சேன். அப்புறம் கண்ணுக்குக் கீழ. அப்புறம் தாடைகிட்ட. மேஜரு கண்ணு சொருகுச்சு. ஒருதரம் பெருமூச்சு விட்டுச்சு.

மூணாஞ் செம்பு விழுந்துச்சு. ஊரே மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்குது.

"கொர்ர்ர்ர்ர்..."

"என்னப்பா இது, சாமி முன்னாடி தூங்குது!"ன்னாரு கம்பு வச்சிருந்தவரு.

பூசாரி கொஞ்ச நேரம் பாத்தாரு. குனிஞ்சு மொகத்துக்கு நேராவும் பாத்தாரு. அப்புறம் வருத்தமாத் தலையாட்டுனாரு.

"ஆத்தா வேணாங்குறா."

"பின்ன, மூக்கறையா இருக்கறத ஏத்துக்குவாளா? குடுக்கறத ஒழுங்காக் குடுக்க வேணாமா?"ன்னு அந்தக் குடத்துக்காரப் பொம்பள என்னை வைய ஆரம்பிச்சிருச்சு. ஊரே ஆமான்னுச்சு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். வெக்கத்துல இல்லை, சிரிப்பு வந்துருச்சு.

"மனசு விடாத தாயி. அடுத்த வருசம் மூக்கோட ஒண்ணு கொண்டா"ன்னு பூசாரி விபூதி குடுத்து அனுப்புனாரு.

பஸ்ஸும் ஆறிருச்சு. கண்டக்டரு என்னையும் கூடையையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "அப்ப கொறட்ட விட்டது நீங்க இல்லையா டீச்சரு?"ன்னு கேட்டாரு. இல்லைங்கன்னேன். "அதைச் சொல்லக்கூடாதா? பஸ்ஸுல ஒரு அம்மா ஒங்களுக்கு ஒரு மாப்பிள்ளையப் பாத்து, இந்தக் கொறட்டைக்கு வேணாம்னு முடிவே பண்ணிருச்சே"ன்னு சொல்லிட்டு, நாய்க்கும் சேத்து எடம் விட்டாரு. பந்தல்ல நனைச்சு வாங்குன ஈரச்சாக்கை மேஜரைச் சுத்திப் போத்திக்கிட்டேன். வழியில நின்ன எடத்துலயெல்லாம் தண்ணி வாங்கி நனைச்சுக்கிட்டே போனேன்.

கீரமங்கலத்துல எட்மிஸ்ட்ரஸ் அம்மா வாசல்லயே நின்னாங்க. வெள்ளைவெளேர்னு கதர்ச்சேலை.

"எப்ப வரச்சொன்னேன், எப்ப வர்ற? சரி, சொன்னபடியெல்லாம் பாத்துக்கிட்டியா?"

"அப்படியே பாத்துக்கிட்டேங்கம்மா. வெயில் படலை, கழுத்துல ஒண்ணும் கட்டலை, மடிப்பெல்லாம் தொடச்சேன்."

"அப்ப இவன் ஏன் மஞ்சளா இருக்கான்?"

நான் பதில் யோசிக்கறதுக்குள்ள மேஜரு சாக்கை ஒதறிட்டுக் கீழ குதிச்சுச்சு. அவங்க காலடியில போய் நின்னுச்சு. நாலு காலையும் ஊனிக்கிட்டு, மூஞ்சியில இருந்து வாலு வரைக்கும், சும்மா ஜம்முன்னு ஒரு சிலுப்பு!

வெள்ளைச் சேலை முழுக்க மஞ்சப் புள்ளி. மூக்குக் கண்ணாடியில ஒரு வேப்பிலை.

அந்தம்மா அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அப்புடியே குனிஞ்சு மேஜரை அள்ளி நெஞ்சோட அணைச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் மெதுவா நிமுந்து என்னைப் பாத்தாங்க.

ஆத்தா வேணாம்னு தள்ளுன நாயை அந்தம்மா அந்த நிமிசமே ஏத்துக்கிட்டாங்க. என்னை நிரந்தரமா ஏத்துக்கத்தான் இன்னொரு வருசம் ஆச்சு.