நூறு சதவீதம் தூர்வாரியாயிற்று

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்களின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். ஏழும் சொந்தப் பற்கள்.

தண்ணீரைக் கண்டுபிடித்தது யார் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். "தண்ணீர் வரும்" என்ற அறிவிப்பைக் கண்டுபிடித்தது எங்கள் நகராட்சி. நெருப்பு, சக்கரம் என்று தட்டுத்தடுமாறி ஏறிவந்த மனித குலம் கடைசியில் கொடி நாட்டிய சிகரம், எங்கள் வட்டாரத்தின் 'அன்றாட நிலவரம்'. காலை ஏழு மணிக்குக் கைபேசியில் வந்துவிடும். எட்டு மணிக்கு நீரேற்று நிலையத்து மதில் பலகையிலும் ஏறிவிடும். குடிநீர், தெருவிளக்கு, குப்பை வண்டி, மரக்கிளை வெட்டுதல், கோடைக்காலச் சேவை, மழைக்காலச் சேவை, எதுவும் பாக்கியில்லை. இதற்கு முன் தண்ணீர் வருகிறதா என்று அறிய நாங்கள் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு காட்டுமிராண்டிகளாக இருந்திருக்கிறோம் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

இந்தப் பெருமை முழுவதும் தகவல் அதிகாரியைச் சேரும். அவர் பொறுப்பேற்ற பிறகு எங்கள் வட்டாரத்தில் ஒரு விளக்கும் எரியாமல் இருந்ததில்லை. சில விளக்குகள் 'ஓய்வில்' இருந்தன, அவ்வளவுதான். குப்பை வண்டி வராத நாள் 'இல்லச் சேமிப்பு நாள்' ஆயிற்று. போன கோடையில் பதினோரு நாள் குழாய் காற்றை மட்டும் விட்டது. 'குழாய்களுக்குள் காற்றோட்டம் ஏற்படுத்தும் பணி வெற்றி' என்று நிலவரம் வந்தது. படித்ததும் தாகம் பாதி அடங்கியது.

என் பங்கு சிறியது. நான் வட்டார நலச் சங்கத்தின் தலைவன். ஒவ்வொரு பணியின் காகிதத்திலும் அடியில் 'பொதுமக்கள் திருப்தி' என்று ஒரு கட்டம் இருக்கும். நாற்பது தெருக்களின் சார்பிலும் அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். என் வயதில் பலருக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்காது.

இப்படிப்பட்ட பூரணமான ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை இருந்தது. அது தையல்காரர்.

எங்கள் வட்டாரம் சரிவில் அமைந்தது. என் வீடு உச்சி மேட்டில். தையல்காரர் வீடு சரிவெல்லாம் முடிந்து, இனி இறங்க இடமில்லை என்கிற கடைசிப் பள்ளத்தில். முன்னறை கடை, பின்னறை குடித்தனம். வாசலில் மழைநீர் வாய்க்கால். அந்த வாய்க்கால் மூன்று வருடமாகச் சேறும் பாலித்தீனும் ஒற்றைச் செருப்புகளுமாக நிரம்பி, மேலே ஒரு தக்காளிச் செடியும் முளைத்திருந்தது. மழை பெய்தால் வட்டாரத்துத் தண்ணீர் முழுவதும் தையல்காரரை விசாரிக்க வீட்டுக்குள் வந்துவிடும்.

இந்த வருடம் அவர் கொஞ்சம் கூடுதலாகவே அலட்டிக்கொண்டார். ஆறு வருடம் நடையாக நடந்து, பள்ளிக்கூடத்துச் சீருடை வேலையைத் தலைமையாசிரியையிடம் வாங்கியிருந்தார். அறுபத்திரண்டு ஜோடி. வெள்ளைச் சட்டை, கருநீலக் கால்சட்டை. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒழுங்காகக் கொடுத்தால் இனி வருடா வருடம் அவருக்குத்தான் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். வெட்டுமேசை, கட்டில், தரை எங்கும் துணி. புருஷனும் பெண்டாட்டியும் அடுப்படியில் கால் மடக்கித் தூங்கினார்கள்.

புதன்கிழமை காலை நிலவரம் வந்தது. 'மழைக்காலச் சேவை: நாற்பது தெருக்களிலும் வாய்க்கால் தூர்வாரும் பணி நூறு சதவீதம் நிறைவு. ஞாயிறு மழை பெய்யும்.' கூடவே தெருவுக்கு ஒன்றாக நாற்பது படங்கள். என்ன படங்கள். சிமெண்டுத் தரை பளபளக்க, சோறு போட்டுச் சாப்பிடலாம் போன்ற வாய்க்கால். ஓரத்தில் விளிம்பு உடைந்த ஒரு பூந்தொட்டி. நாற்பது படத்திலும் அதே பளபளப்பு, அதே தொட்டி. தரத்தில் இம்மியும் ஏற்றத்தாழ்வு கிடையாது.

அன்று என் சட்டைக் காலரைத் திருப்பித் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். தையல்காரர் கைபேசியை என் மூக்குக்கண்ணாடிக்கு நேரே நீட்டினார்.

"ஐயா, இது எங்க வாசல் இல்லையே."

"தம்பி, படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு, படிங்க."

"எங்க தெருப் பேருதான் எழுதியிருக்கு."

"அப்புறம் என்ன?"

மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலையை நிமிர்த்தாமல் பேசினாள். "வேற எவளோ ஒருத்தி படத்தைப் போட்டு, கீழ என் பேரை எழுதி, இவதான் உன் பொண்டாட்டின்னு கொடுத்தா, இவரு சரின்னு வாங்கிக்குவாரா?"

தையல்காரர் பதில் சொல்வதற்குள் ஒரு கணம் ஆயிற்று. அந்தக் கணம் குறித்து வைத்துக்கொள்ளப்பட்டது என்பதை நான் பார்த்தேன்.

"நீங்க எங்க வாய்க்காலைப் பார்த்துட்டா கையெழுத்துப் போட்டீங்க, ஐயா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"படத்தைப் பார்த்துட்டுப் போட்டேம்மா" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

தையல்காரர் விடாப்பிடியாக நிற்கவே, நானே அவரை நகராட்சிக்கு அழைத்துப் போனேன். தகவல் அதிகாரியின் அறையில் சுவர் நிறைய ஒரு வரைபடம். அதில் நாற்பது பச்சைக் குண்டூசிகள். அதிகாரி எழுந்து நின்று என்னை வரவேற்றார். பிறகு ஒரு குச்சியால் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினார்.

"உங்க தெரு பச்சை."

"வாய்க்காலும் பச்சைதான் சார். தக்காளி காய்ச்சிருக்கு."

அதிகாரி கோபப்படவில்லை. குழந்தைக்கு விளக்குவதுபோல விளக்கினார். முடிந்த வேலையை மறுபடி செய்ய விதியில் இடமில்லை. செய்தால் முன்பு செய்யவில்லை என்று ஆகிவிடும். அப்படி ஆவது நிலவரத்தை அவமதிப்பது. ஆனாலும் அரசு இரக்கமற்றதல்ல. 'நிறைவுக்குப் பிந்தைய அடைப்பு' என்று ஒரு படிவம் இருக்கிறது. அதை எடுத்து மேசையில் விரித்து, பேனாவைத் திறந்தார்.

"உங்க அடைப்பு எப்போ ஏற்பட்டது?"

"மூணு வருஷம் ஆச்சு சார்."

அதிகாரி பேனாவை மூடினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "அது செல்லாதுங்க. அதைத்தான் எடுத்தாச்சே. இனிமே புதுசா ஒரு அடைப்பு வந்தாச் சொல்லுங்க, மறுநாளே லாரி அனுப்பறேன்."

அந்தப் பரிவு என்னைத் தொட்டது. தையல்காரரை ஏனோ தொடவில்லை.

நகராட்சியில் நடந்ததை வீட்டில் கேட்ட அவர் மனைவி, கையிலிருந்த பொத்தானை முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். "புதுசுதானே வேணும்?" என்றாள். எழுந்து போனாள். வெட்டித் தள்ளிய துண்டுத் துணி ஒரு சாக்கு மூட்டை இருந்தது. அதைத் தரதரவென்று இழுத்து வந்து வாய்க்காலில் தள்ளினாள். தக்காளிச் செடி அடியில் போயிற்று. அன்றைய செய்தித்தாளை மூட்டையின் மேல் விரித்து, தேதி தெரியப் படம் எடுத்துக் கொடுத்தாள். வியாழக்கிழமை படிவம் போயிற்று. வெள்ளிக்கிழமை லாரி வந்தது. சொன்னால் சொன்னபடி நடக்கும் அலுவலகம் வேறு எங்காவது உண்டா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

உறிஞ்சு குழாய் பூட்டிய பெரிய லாரி. நான்கு ஆட்கள், நான்கு தலைக்கவசம், ஒரு மேஸ்திரி. மேஸ்திரி படிவத்தைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். ஒரு கொக்கியால் சாக்கு மூட்டையை மட்டும் பதமாகத் தூக்கி வெளியே வைத்தார். தக்காளிச் செடி நிமிர்ந்துகொண்டது. குழாயைச் சுற்றி வைக்கச் சொன்னார்.

"அண்ணே, அடியில அப்படியே இருக்கே" என்றார் தையல்காரர்.

"அது ஏற்கெனவே எடுத்தாச்சு."

"எடுத்தாச்சுன்னா அப்போ இது என்ன?"

மேஸ்திரி குனிந்து வெகுநேரம் பார்த்தார். நேர்மையான மனிதர், அவசரப்பட்டு எதையும் சொல்லிவிட மாட்டார். "எடுத்தது" என்றார்.

சொட்டச் சொட்ட மூட்டையைத் தையல்காரர் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு லாரி மேட்டை நோக்கிக் கிளம்பிற்று. நிறைவுப் படம் இன்னும் எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கும் வீடு மேட்டில்தானே என்று முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள். ஏறுவதற்கு முன் தம்பதிக்கு ஆறுதல் சொன்னேன். எதற்கும் கலங்க வேண்டாம், ஏதாவது ஒன்று என்றால் என் வீட்டு முற்றம் இருக்கிறது, எந்த மழைக்கும் சொட்டுத் தண்ணீர் தேங்காது, உரிமையோடு வரலாம் என்றேன். வெறும் வாய் வார்த்தை இல்லை. அன்றே கொடிக்கயிறும் கட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. நிலவரத்தில் வந்தது நடக்கவில்லை என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குத் தண்ணீர் தையல்காரர் வாசற்படி ஏறிற்று. மூன்றரைக்குக் கட்டில் ஏறிற்று. இருவரும் கைகொண்ட மட்டும் துணியை மேசைமேல் குவித்தார்கள். மேசை மிதந்து கவிழ்ந்தது. கருநீலம் வெள்ளையில் இறங்கிற்று. அறுபத்திரண்டு சட்டைகளும் ஒரே நிறத்துக்கு வந்தன.

திங்கட்கிழமை நிலவரம்: 'தாழ்வான பகுதிகளில், வாசலோடு நில்லாமல் அறைக்கே நீர் வழங்கும் திட்டம் சோதனை முறையில் தொடக்கம்.' தையல்காரர் தெருவின் குறுக்கே கயிறு கட்டித் துணிகளை உலர்த்தியிருந்தார். தகவல் அதிகாரி நேரிலேயே வந்து அதைப் படம் எடுத்துப் போனார். மறுநாள் 'மழையை வரவேற்று மக்கள் கட்டிய தோரணம்' என்று அழகாக வந்தது.

தலைமையாசிரியையும் திங்களன்று வந்தார். சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, ஒரு சட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை. புதன்கிழமைக்குள் வெளுத்து உலர்த்திக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகவும், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றும் சொன்னார். வெளுக்கத் தையல்காரர் மனைவிக்குத் தெரியும். உலர்த்தத்தான் இடமில்லை, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, பள்ளத்தில் காய்ந்த இடம் ஒரு சாண் கிடையாது.

செவ்வாய் காலை அவள் மேட்டுக்கு வந்தாள். தலையில் ஒரு கூடை, இடுப்பில் ஒரு கூடை. இரண்டும் வெளுத்த துணி. இதற்கு முன் அவளோ அவள் புருஷனோ என் வீட்டுக்கு வந்ததில்லை. காலர் திருப்ப நான்தான் இறங்கிப் போவது வழக்கம். வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த நான் மலர்ந்த முகத்தோடு எழுந்தேன்.

"வாம்மா. கயிறெல்லாம் கட்டி வச்சிருக்கேன்."

அவள் வாசலைத் தாண்டவில்லை. வெளியே வாய்க்காலில் மழைத்தண்ணீர் சலசலவென்று தரை தெரிய ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். பக்கத்தில் பூந்தொட்டியைப் பார்த்தாள். இடுப்புக் கூடையை இறக்கி வைத்து, கைபேசியை எடுத்துப் பார்த்தாள். மறுபடி தொட்டியின் உடைந்த விளிம்பைப் பார்த்தாள்.

"வேணாங்க ஐயா" என்றாள். "இங்க ரொம்ப சுத்தமா இருக்கு."

கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புதன்கிழமை துணி உலரவில்லை. பள்ளிக்கூடம் வேறு தையல்காரரைப் பார்த்துக்கொண்டது. முற்றமும் கயிறும் இருந்தும், ஒரு வீம்பால் ஆறு வருட நடையைத் தொலைத்தார்கள் என்றுதான் சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நகராட்சி வேலை செய்யாமல் படம் மட்டும் காட்டுகிறது என்று பள்ளத்தில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. அது அபாண்டம். நாற்பது தெருக்களுக்கும் நாற்பது முறை, தையல்காரர் மனைவியின் மூட்டைக்கு ஒரு முறை, ஆக நாற்பத்தொரு தடவை லாரி வந்து, குழாய் இறக்கி, ஒழுங்காகத் தூர்வாரிவிட்டுத்தான் படம் எடுத்தார்கள். நாற்பத்தொன்றும் என் வீட்டு வாசலில்.