தைரியம் சொல்ல வந்தவர்

ஒருவர் படுத்துவிட்டால் போதும், பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார். அந்த இன்னொருவரைத்தான் இங்கே பிடித்து வந்திருக்கிறேன். தைரியம் சொல்பவர் என்று பெயர். மருந்து கொடுக்கப் படிப்பு வேண்டும், பணிவிடை செய்யப் பொறுமை வேண்டும்; தைரியம் சொல்ல என்ன வேண்டும்? வாய் இருந்தால் போதாதா? அதனால்தான் நாமெல்லாம் இந்த இனத்தில் இவ்வளவு சுலபமாகச் சேர்ந்துவிடுகிறோம்.

எங்கள் சோலோ நகரத்துச் சந்தில் இந்த இனத்துக்குத் தலைவர் வர்தோயோ, ஓய்வு பெற்ற தபால்காரர். அவருடைய உயிர் நண்பர் கசிமன், பஸ் ஓட்டியவர். தெருக்காவல் கொட்டகையில் மாலை தவறாமல் இருவரும் டொமினோ ஆடுவார்கள். தோற்றவர் காதில் ஜெயித்தவர் துணி கிளிப்பை மாட்டவேண்டும். பல நாள் வர்தோயோ கொடியில் கிடந்த சட்டை மாதிரித்தான் வீடு திரும்புவார்.

அப்படியிருக்கும்போது கசிமனைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் விழுந்தது, நாக்கு குழறியது. கால் மெல்லத் திரும்பியது, கைதான் திரும்பவில்லை. பிசியோதெரபி பெண் ஒரு துணி கிளிப்பைக் கையில் கொடுத்து, "இதைத் திறந்து திறந்து மூடுங்க. இந்தச் சில மாசத்துல கை வந்தாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கசிமனுக்கு அந்தக் கை வேண்டும். தன் சட்டைக்குத் தானே பொத்தான் போடவேண்டும்.

வந்தார் வர்தோயோ! தனியாகவா வருவார்? எங்கள் வழக்கப்படி தெருவையே திரட்டிக்கொண்டு வந்தார். விருந்தாளி முன் படுத்திருக்கலாமா? கசிமன் பாத்திக் சட்டைக்குள் திணிக்கப்பட்டு, சாய்ந்து விழாமல் தலையணை வைக்கப்பட்டு, எல்லோரும் டீ குடித்து, வறுத்த சோயா தெம்பே தின்று, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அன்றைக்குப் பயிற்சி நடக்கவில்லை. மறுநாள் வர்தோயோ விரால் மீன் சூப்போடு வந்தார். அதற்கு மறுநாளும்.

"எங்க மச்சினனோட முதலாளிக்கு இதே மாதிரிதான் வந்துச்சு. இப்ப மரம் ஏறுறாரு!"

"நேத்து பந்து விளையாடுறாருன்னீங்களேண்ணே?" என்றார் கசிமனின் மனைவி சுமினி.

"காலையில பந்து, சாயந்திரம் மரம்!"

கசிமன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் வர்தோயோ முடித்துவைப்பார். தனக்குள் இத்தனை உன்னதமான எண்ணங்கள் இருப்பது கசிமனுக்கே அப்போதுதான் தெரிந்தது. கிளிப் பயிற்சியில் கசிமனின் விரல்கள் நடுங்கும், வர்தோயோவின் விரல்கள் அடியில் நைசாக நுழையும், கிளிப் திறக்கும். "பாத்தியா, நீயே திறந்துட்ட!" வீட்டுக்கு வந்தவரை எப்படி வேண்டாமென்பது? சுமினி டீ கொண்டுவரப் போய்விடுவார்.

பிறகு டொமினோ கட்டைகளும் வீட்டுக்கே வந்தன. கசிமன் இடக் கையால் ஆடினார். ஆடிய ஆட்டமெல்லாம் ஜெயித்தார். ஆனால் பரம எதிரியானாலும் ஒருவர் தலைப்பக்கம் இடக் கையைக் கொண்டுபோகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வலக் கையோ எழாது. ஆகவே வர்தோயோ தன் காதில் தானே கிளிப்பை மாட்டிக்கொண்டு, தியாகியின் முகத்தோடு வீடு போவார்.

ஒரு மாலை கசிமன் ஆறு புள்ளிக் கட்டையை வைத்தார். எதிராளியும் ஆறு வைக்கவேண்டும்; இல்லையென்றால்தான் 'பாஸ்' சொல்லலாம்.

"எங்கிட்ட ஆறே இல்லடா. பாஸ்!" என்றார் வர்தோயோ.

கசிமன் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். கொட்டகையில் காலமெல்லாம் பார்த்த முகம் அல்லவா? இடக் கையை நீட்டி வர்தோயோவின் கட்டைகளைக் கவிழ்த்தார். ஆறு இருந்தது. ஒன்றல்ல, மூன்று.

"தி...ருடா" என்றார் கசிமன்.

"ஐயோ, உனக்காகத்தான்டா! நீ சந்தோஷமா இருக்கணும்னு..." வர்தோயோவுக்கு வியர்த்தது. "சரி, தப்புதான். தண்டனைய நானே போட்டுக்கறேன், நீ சிரமப்படாத." கிளிப்பை எடுத்துக் காதுக்குக் கொண்டுபோனார்.

"கைய... எடு. நா...ன்."

கசிமன் வலக் கையால் கிளிப்பை வாங்கினார். கை எழுந்தது, மடியில் விழுந்தது. மறுபடி எழுந்தது, விழுந்தது. வர்தோயோவின் விரல்கள் தாமாகவே உதவிக்குப் புறப்பட்டன. சுமினி பின்னாலிருந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கண்ணே. கையச் சும்மா வெச்சுக்கிட்டு உக்காருங்க!" அந்த வீட்டில் விருந்தாளிக்கு விழுந்த முதல் அதட்டல் அது.

கை சரி, வாய் சும்மா இருக்குமா? வலக் கை மூன்றாம் தடவை நடுங்கி நடுங்கி மேலே வந்து, கிளிப்பின் வாய் மெல்லப் பிளந்ததும் வர்தோயோவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படித்தான்டா! விட்றாத! உன்னால முடி..."

கிளிப் காதுக்குப் போகவில்லை. வர்தோயோவின் கீழுதட்டைக் கவ்வியது.

கசிமன் பாதி முகத்தால் சிரித்தார். சுமினி முழு முகத்தாலும் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வர்தோயோவுக்கு உதடு உயிர் போகிற மாதிரி வலித்தது. சந்தோஷத்தில் அழுகையும் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை. கிளிப்பையும் கழற்றவில்லை. கட்டைகளைக் கலைத்து, நேர்மையாகப் பங்கு போட்டார்.

இதைப் படித்ததும் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் நினைவுக்கு வந்து, 'அவர் இதைக் கட்டாயம் படிக்கணும், நாலு வார்த்தை நானே எடுத்துச் சொல்றேன்' என்று தோன்றுகிறதா? நல்லது. போகிற வழியில் கொடியிலிருந்து ஒரு கிளிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கல்ல. நான் என்னுடையதை உதட்டில் மாட்டிக்கொண்டுதான் இதை எழுதினேன்.