பசுவுக்கு எழுதிய எச்சரிக்கை

எதன்மேலும் பெயர் எழுதிவிட்டால் தவறு நடக்காது என்று நம்பிய ஆள் நான். எங்கள் வீட்டு உப்பு டப்பாவில் 'உப்பு' என்று இருக்கும்; சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை, உப்பு அல்ல' என்று இருக்கும். (இரண்டாவதை எழுதியபோதே என் மனைவி செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.)

ராஜபாளையத்தில் மில் கணக்கராக இருந்த நான், மாமனார் இறந்த பிறகு வன்னியம்பட்டியில் அவருடைய நிலத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் சாணக் குப்பையும் கண்மாய் வண்டலும் போட்டவர். குப்பையில் எவ்வளவு சத்து என்று எங்கும் அச்சடித்திருக்கவில்லை. யூரியா மூட்டையில் அச்சடித்திருந்தது. எனக்கு அது போதும்.

முதலில் மக்காச்சோளம் கருகருவென்று வந்தது. பிறகு அதே கருமைக்கு மேலும் மேலும் போட வேண்டியிருந்தது. மண் இறுகியது, பாய்ச்சிய தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்றது. மண்வெட்டியில் ஒரு மண்புழுகூட வரவில்லை.

"அண்ணாச்சி, உழவு ஓடுது, ஒத்தக் கொக்குகூட ஒங்க வயல எட்டிப் பாக்க மாட்டேங்கு. திங்க ஏதும் கெடந்தாத்தான வரும்?" என்றார் பக்கத்து வயல் சங்கையா.

போடும் அளவில்தான் கோளாறு என்று நினைத்தேன். கரைத்து ஊற்றினால் சீராகப் பரவும் அல்லவா? ஒரு பிளாஸ்டிக் பீப்பாயை இரண்டாக அறுத்தேன். ஒரு பாதி, செல்வி கன்றிலிருந்து வளர்த்த சினைப்பசுவுக்குத் தண்ணீர்த் தொட்டி. மறுபாதியில் யூரியாக் கரைசல். குழப்பம் வரக்கூடாதே! சிவப்புப் பெயின்டில், முற்றுப்புள்ளியோடு எழுதினேன்: 'யூரியா. குடிக்கக் கூடாது.' பெயின்ட் காயட்டும் என்று டீ குடிக்கப் போனேன். எல்லாவற்றையும் அளக்கிற நான், பசுவைக் கட்டியிருந்த கயிற்றை அளக்கவில்லை.

திரும்பியபோது பசு கீழே கிடந்தது. வாயில் நுரை, வயிறு உப்பி, உடம்பெல்லாம் நடுக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டு டாக்டர் போனில், "வினிகர் ஊத்துங்க, இந்தா வாரேன்" என்றார். நான் கடை கடையாக அலைந்து வினிகரோடு வந்தபோது, அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். வயிற்றிலிருந்த கன்றும் போய்விட்டது.

செல்வி அழவில்லை. எழுத்தையே பார்த்தாள்.

"ஏங்க, அதுக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"எழுத்து மட்டும் கோணாம இருக்கு, அண்ணாச்சி" என்றார் சங்கையா. ஆறுதலாகத்தான் சொன்னார் என்று இன்றும் நம்ப முயல்கிறேன்.

வயலின் தென்மூலையில் புதைத்தோம். என் மண் மண்வெட்டிக்கு இடம் கொடுக்கவில்லை. கடப்பாரை போட்டுத்தான் பெயர்த்தோம்.

பிறகு குப்பைக்குத் திரும்பினோம். அதையும் விலைக்கு வாங்கினோம். சாணம் போட வேண்டியதைத்தான் நான் கொன்றுவிட்டேனே. மற்ற நிலம் இன்னும் முழுதாகத் தேறவில்லை. தென்மூலை மட்டும் பொலபொலவென்றிருக்கிறது. கொக்குகள் அங்கே மட்டும் வந்து நிற்கின்றன.

அந்த மூலைக் கத்தரிக்காய் குழம்புக்கு வரும்போதெல்லாம் என் மகள் கேட்பாள்: "அப்பா, காய்மேல ஒண்ணும் எழுதலையே, நம்பிச் சாப்பிடலாமா?" விருந்தாளிகள் வரை எல்லோரும் சிரிப்பார்கள்.

செல்வி சிரிப்பதில்லை. என் தட்டில் அந்தக் காயை இன்னொரு கரண்டி வைப்பாள்.